மழைக் காட்சியின் எடை

“தாங்கள் பொதுமக்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்” என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதுவரைக்கும் நான் என்னவாக இருந்தேன் என்பதை அதில் சொல்லவில்லை.

நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. கடிதம் அனுப்பியது குடும்பத் திரைப்படக் குணநல வாரியம். குடும்பத்தோடு பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு வருகிற எந்தப் படமும் முதலில் அங்கே போய், நிறைகுறைகளை அலசக் கொடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் தியேட்டருக்குப் போக முடியும். அலசுவதற்கு அதிகாரிகள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். பதின்மூன்றாவதாக ஒரு பொதுமக்கள் வேண்டும் என்று விதி. வாக்காளர் பட்டியலில் யாரோ கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்ததில் அது என் தலையில் விழுந்தது.

கடிதத்தின் அடியில் இன்னொரு வரி. “குடும்பத்துடன் வரவும். குடும்பம் என்பது மூவருக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். வீட்டு விலங்குகள் இக்கணக்கில் சேரா.” எங்கள் வீட்டில் சரியாக மூன்று பேர். நான், என் மனைவி, எட்டு வயதில் ஒரு மகள். ஆனால் மூன்று பேரும் ஒரு குடும்பமா என்பது அந்தச் சமயத்தில் கொஞ்சம் இழுபறியாக இருந்தது.

பதினேழு நாளாக மகள் என்னோடு பேசவில்லை. அவளுடைய பேச்சுப் போட்டிக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்று தொலைத்தது. உள்ளே நாலு பேர். அவர்களை வெளியே எடுத்துவிட்டு நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு நேரடியாக ஒரு சொல் கிடையாது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் சமையலறையைப் பார்த்து, “அம்மா, அப்பாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லு” என்பாள். மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். பொம்மை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். நானும் கோபித்துக்கொண்டு பார்த்தேன், அதை யாரும் கவனிக்கவே இல்லை. படத்துக்குப் போகிறோம் என்றதும், “நானும் வரேன்னு சொல்லும்மா” என்றாள். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

வாரியத்தின் வாசலில் ஒரு குமாஸ்தா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“மூணு பேரும் ஒரே குடும்பமா?”

“பதினேழு நாளா எனக்கும் அதே சந்தேகம்தான்” என்றாள் என் மனைவி.

குமாஸ்தா அதை அப்படியே எழுதிக்கொண்டு, “சந்தேகக் குடும்பம், வரிசை ஐந்து” என்று சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

படம் தொடங்குவதற்கு முன்னால் வரவேற்புரை, தொடக்கவுரை, நோக்கவுரை என்று வரிசையாக இருந்தது. முதலில் தலைவர் எழுந்தார். எழுபதைத் தாண்டியவர், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“முப்பத்தொரு ஆண்டுகளாக இந்த வாரியத்தில் இருக்கிறேன். இந்த முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு படத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஏன்? பார்த்தால் பிடித்துவிடும், அல்லது பிடிக்காமல் போய்விடும். இரண்டுமே நடுநிலைமைக்கு ஆபத்து!”

பலத்த கைதட்டல். அடுத்து துணைத் தலைவர்.

“குழந்தைகளின் மனசு எனக்குத் தெரிந்த அளவுக்கு இங்கே யாருக்கும் தெரியாது. என் மனைவி எங்கள் நான்கு குழந்தைகளையும் வளர்த்தபோது, நான் முழுக்க முழுக்கப் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.”

இப்படி ஐம்பது நிமிஷம். என் மகள் கொட்டாவி விட்டாள். அதற்கும் ஓர் ஆள் இருந்தார். பார்வையாளர்களின் சிரிப்பு, கொட்டாவி, அழுகை மூன்றையும் எண்ணுகிற பதிவாளர். எண்ணுவதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் படம் ஓடும்போதும் விளக்கை அணைக்கவில்லை. திரையில் வெளிறிப்போய்த்தான் படம் தெரிந்தது. முதல் தடவை நான் சிரித்ததும் பதிவாளர் குனிந்து என் காதில் கேட்டார்: “இது படத்துக்காகச் சிரிச்சதா, இல்ல சொந்த விஷயமா?”

அதன் பிறகு எனக்குச் சிரிப்பே வரவில்லை.

படத்தின் பெயர் ‘குட்டிக்கு ஒரு குகை’. முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தது. வெள்ளத்தில் இருப்பிடம் போன ஓர் அப்பா கரடியும் அதன் குட்டியும் வேறு குகை தேடிப் போகிற கதை. நான் சினிமா தெரிந்தவன் இல்லை. ஆனாலும் ஒரு எந்திரம் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்தப் படம் முதல் பாதி நன்றாக ஓடியது. கரடியின் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் அசைந்தது. குட்டி கோபத்தில் மூக்கைச் சுருக்கினால் நமக்கே தெரிந்த ஏதோ ஒரு குழந்தை மாதிரி இருந்தது. பின்பாதியில் இடிக்க ஆரம்பித்தது. கூடவே வருகிற ஒரு கிளி வாயை மூடவே மூடாது. நாற்பத்தெட்டாவது நிமிஷத்தில் ஒரு வில்லன் முன்பின் சொல்லாமல் குதிக்கிறான். கடைசி இருபது நிமிஷம் எல்லாரும் ஓடுகிறார்கள், எதற்கு என்று அவர்களுக்கே மறந்துபோன மாதிரி. ஓடி முடித்ததும் ஒரு ஆந்தை வந்து, இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்று பாடம் நடத்துகிறது.

நடுவில் ஒரு மழைக் காட்சி. குட்டியை அப்பா திட்டிவிட்டது, குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டும் ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கி நிற்கின்றன. பாறை ஓரத்திலிருந்து தண்ணீர் குட்டியின் தலையில் சொட்டுகிறது. அப்பா கரடி ஒன்றும் சொல்லாமல் கையைத் தூக்கி அந்தச் சொட்டைத் தன் முதுகுப் பக்கம் திருப்பிவிடுகிறது. கை வலிக்க வலிக்க அப்படியே வைத்திருக்கிறது. குட்டி ஓரக்கண்ணால் அதைப் பார்க்கிறது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு அடி நகர்ந்து நிற்கிறது. அவ்வளவுதான். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, கிளிகூட இல்லை.

ஒருவரும் பேசாததால் இடைவேளை என்று நினைத்துக்கொண்டு அதிகாரிகள் பன்னிரண்டு பேரும் டீ குடிக்க எழுந்துபோய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் காட்சி முடிந்துவிட்டது. நான் அவர்களைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. என் சுண்டுவிரலை யாரோ பிடித்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன்.

“அப்பா, கரடிக்குக் குளிருமா?”

“முடி நிறைய இருக்குல்ல, தாங்கிக்கும்” என்றேன். பதிவாளர் என் முகத்தைப் பார்த்து அழுகைக் கட்டத்தில் ஒன்று என்று குறித்துக்கொண்டார். குறித்துக்கொள்ளட்டும்.

படம் முடிந்ததும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘நிறை’, வலது பக்கம் ‘குறை’. எனக்கு மனசில் பட்டதை எழுதினேன். நிறை ஐந்து: முடி, குட்டியின் முகம், முதல் பாதியின் நிதானம், அடக்கமான இசை, மழைக் காட்சி. குறை நாலு: கிளி, வில்லன், ஓட்டம், ஆந்தை. குமாஸ்தா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“சமமா இல்லையே.”

“எது?”

“இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் நாலு. வாரியம் நடுநிலை வாரியம். எத்தனை நிறையோ அத்தனை குறை இருக்கணும்.”

“எனக்கு நாலுதான் தோணிச்சு.”

“யோசிங்க. இல்லேன்னா ஒரு நிறையை அடிச்சிடுங்க. அந்த மழையை வேணா எடுத்துடலாமே? அது என்ன, சும்மா நிக்குதுங்க.”

மழையை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்குப் போக வேண்டுமாம். என்னிடமே நேராகச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் பேனாவை வாங்கி ஐந்தாவது குறையாக இப்படி எழுதினேன்: “மழைக் காட்சி சீக்கிரம் முடிந்துவிடுகிறது.”

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பேசினாள். பதினேழு நாள் பாக்கி மொத்தமும் வந்தது. படம் வெளியானதும் மறுபடி போக வேண்டும், அந்த மழையை மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். சரி என்றேன். இந்தத் தடவை வாக்குத் தவறுவதாக இல்லை.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு கடிதம். வாரியத்தின் குறைதீர்ப் பிரிவிலிருந்து. “தங்கள் குறைகள் ஐந்தும் பெறப்பட்டன. தாங்கள் அடைந்த மனவேதனைக்கு வருந்துகிறோம். அனைத்தும் தீர்க்கப்பட்டுவிட்டன. நேரில் வந்து கையெழுத்திடவும்.”

எனக்கு எந்த மனவேதனையும் இல்லை. இருந்தாலும் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

குறைதீர்ப் பிரிவின் முன்னால் பெஞ்சில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பேச்சுக் கொடுத்தேன். அந்தக் கரடிப் படத்தைச் செய்தவர்களில் ஒருவராம்.

“கரடியோட முடிக்கு நான்தான் பொறுப்பு. ஆபீஸ்ல எல்லாரும் முடிக்காரம்மான்னுதான் கூப்பிடுவாங்க. மொத்தமே பதினொரு பேர் சார் நாங்க.”

“அந்த மழை சீன்ல முடியெல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதுவும் நீங்கதானா?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது ஒரு நிமிஷம் நாப்பது விநாடி சார். ரெண்டரை வருஷம் ஆச்சு. நனைஞ்ச முடி சீக்கிரத்துல சொன்ன பேச்சு கேக்காது. டைரக்டர் எல்லா எடத்துலயும் கிளியைக் கொண்டுவந்து விட்டாரு. இந்த ஒரு சீன்ல மட்டும் விடாதீங்கன்னு சண்டை போட்டு வாங்கினேன்.” சொல்லிவிட்டு மறுபடி தளர்ந்துவிட்டார். “இப்ப அதைத்தான் எடுத்தாச்சு.”

“எதை?”

“மழை சீனை. பொதுமக்கள்ல யாரோ ஒரு புண்ணியவான் குறைன்னு எழுதிக் குடுத்துட்டாராம்.”

லிஃப்ட் குழிக்குள் கைவிளக்கோடு இறங்கும்போதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை. பொய் சொல்லிவிட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. முடியவில்லை.

“அந்தப் புண்ணியவான் நான்தாம்மா” என்றேன். என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார்.

“சீக்கிரம் முடிஞ்சிடுதுன்னா, இன்னும் கொஞ்சம் வேணும்னுதானே அர்த்தம்?”

“ஆமா.”

“ரெண்டரை வருஷத்துல யாரும் எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல சார்” என்றவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு பேருமாகக் குறைதீர் அதிகாரியின் அறைக்குள் போனோம். அவர் மிகவும் மரியாதையான மனிதர். எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ஐயா, ஒரு தப்பு நடந்திருக்கு” என்றேன். “நான் குறைன்னு எழுதினது படத்தைப் பத்தின என் அபிப்பிராயம். புகார் இல்ல.”

“குறைன்னா குறைதானே ஐயா? குறைன்னு எழுதினா எங்க பிரிவுக்கு வரும். வந்தா நாங்க தீர்ப்போம். நிறைன்னு எழுதினா எடைப் பிரிவுக்குப் போகும்.”

“எடைப் பிரிவுக்கா? எதுக்கு?”

“நிறைன்னா எடைதானே? பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே, நிறை, கொள்ளளவு. உங்க அஞ்சு நிறையும் அங்க போய், படத்தைத் தராசுல வச்சு, இருநூத்து நாப்பது கிராம்னு அறிக்கை வந்தாச்சு. உறையோட சேர்த்தா முன்னூத்துப் பத்து. உறை படத்தோட பகுதியான்னு ஒரு கமிட்டி பார்த்துட்டு இருக்கு.”

பையில் இருந்த ஹார்டு டிஸ்க்கைத் தொட்டுக்காட்டி முடிக்காரம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். உண்மைதானாம்.

அதிகாரி என் கோப்பைத் திறந்து பெருமையாக வாசித்தார். “குறை ஒன்று, கிளி அதிகம் பேசுகிறது. இதுல ஒரு சின்ன சங்கடம். கிளிக்குக் குரல் குடுத்தது நம்ம துணைத் தலைவரோட மாப்பிள்ளை. அதனால கிளி பேச்சைக் குறைக்கல. மத்த எல்லாரோட பேச்சையும் கூட்டிட்டோம். விகிதப்படி பார்த்தா இப்ப கிளி கம்மியாத்தான் பேசுது. தீர்ந்தது. குறை ரெண்டு, வில்லன் திடீர்னு வரான். படம் தொடங்கும்போதே ‘நாற்பத்தெட்டாம் நிமிடத்தில் வில்லன் வருவார்’னு எழுத்துப் போட்டாச்சு. தீர்ந்தது. குறை மூணு, கடைசில காரணமில்லாம ஓடறாங்க. ஓட்டத்தை நடையா மாத்திட்டோம். இருபது நிமிஷம் இப்ப நாப்பத்தொண்ணு. தீர்ந்தது. நாலு, ஆந்தையின் உபதேசம் தேவையில்லை. அது ஏன் தேவைன்னு ஆந்தையே இப்ப ஆறு நிமிஷம் விளக்குது.”

“அஞ்சு?”

“மழைக் காட்சி சீக்கிரம் முடிஞ்சிடுது. இதுதான் சுலபமா இருந்தது ஐயா. காட்சியே இல்லேன்னா எப்படிச் சீக்கிரம் முடியும்? எடுத்துட்டோம். தீர்ந்தது.”

அவர் முகத்தில் ஒரு குறும்பும் இல்லை. நல்ல வேலை ஒன்றைச் செய்து முடித்தவனின் களைப்பு மட்டும் இருந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. குறையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அதற்குத் தலைவரைத்தான் பார்க்க வேண்டும் என்று எங்களை மாடிக்கு அனுப்பினார். மாடிக்குப் போகிற லிஃப்ட் வேலை செய்யவில்லை. ‘குறை பெறப்பட்டுள்ளது’ என்று அதன் கதவில் ஒட்டியிருந்தது. படியேறிப் போனோம்.

தலைவர் நாங்கள் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன், இல்லை.

“வாபஸ் வாங்கலாம், தாராளமா வாங்கலாம்” என்றார். “ஆனா தீராத குறையைத்தான் வாபஸ் வாங்க முடியும். தீர்ந்ததை எப்படி வாங்குவீங்க, இல்லாத பொருளை? தீராத குறைன்னு ஒண்ணு எங்க வாரியத்துல இதுவரைக்கும் இருந்ததே கிடையாது. எனக்கு அதுல கொஞ்சம் கர்வம்கூட உண்டு.”

“ஐயா, அந்தச் சீனை நான் நிறையிலயும் எழுதியிருக்கேன். பாருங்க, அஞ்சாவது. நிறையில இருக்கிறதை நீங்க எடுக்கலாமா?”

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை முதல் தடவையாகப் பார்த்தார். முகம் மாறியது.

“நிறையிலயும் இருக்கு, குறையிலயும் இருக்கு. இது எப்படி? ஒரு விஷயம் ஒண்ணு நல்லாயிருக்கணும், இல்ல நல்லாயில்லாம இருக்கணும்.”

“நல்லாயிருக்கிறதாலதான் ஐயா சீக்கிரம் முடியற மாதிரி இருக்கு!”

“குழப்பாதீங்க. இதுக்கு வழி இருக்கு. அந்தக் காட்சிக்கு உண்மையிலேயே நிறை இருக்கான்னு பார்த்துடலாம். இருந்தா திருப்பி வச்சுடலாம், எனக்கு என்ன ஆட்சேபணை?”

மணியடித்தார். எடைப் பிரிவு அதிகாரி ஒரு சின்னத் தராசோடு வந்தார். முடிக்காரம்மாவின் பையில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. ஒன்று மழை உள்ள பழைய படம், இன்னொன்று குறை தீர்ந்த புதிய படம். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அரை கிராமாவது கூடக் காட்டிவிடாதா என்று தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிக்காரம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டரை வருஷத்துக்கு எப்படியும் ஏதாவது எடை இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“மழையுள்ள படம், இருநூத்து நாப்பது கிராம்” என்றார் அதிகாரி. டிஸ்க்கை மாற்றினார். “மழையில்லாத படம், இருநூத்து நாப்பது கிராம். ஆக, மேற்படி காட்சிக்கு நிறை இல்லை.”

“என்ன சார் பேசறீங்க!” எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “நான் லிஃப்ட்காரன். எது ஏறினா எடை கூடும், எது ஏறினா கூடாதுன்னு எனக்குத் தெரியும். அந்த டிஸ்க்ல படம் இருந்தாலும் இல்லாட்டியும் எடை ஒண்ணுதான் சார்! காலி டிஸ்க்கை வச்சுப் பாருங்க, அதுவும் இதேதான் காட்டும்!”

எடை அதிகாரியும் தலைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“காலி டிஸ்க்குக்கும் அதே நிறையா?” தலைவர் மெதுவாகக் கேட்டார்.

“ஆமா!”

“அதுல குறையும் ஒண்ணும் இருக்காது, இல்லையா?”

“குறை எப்படி இருக்கும்? படமே இல்லையே!”

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். முப்பத்தொரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது கிடைத்த மாதிரி அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. “எழுதிக்குங்க” என்றார் எடை அதிகாரியிடம். “அடுத்த வருஷத்துலேர்ந்து இதைத்தான் முன்மாதிரிப் படமா எல்லாருக்கும் அனுப்பணும். முழு நிறை, குறையே இல்ல. குடும்பத்தோட பார்க்கலாம், எந்த இடத்துலயும் முகம் சுளிக்க வேண்டியதில்ல.” பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். “பொதுமக்கள்னா இப்படி இருக்கணும்.”

வாயைத் திறக்கத் திறக்க நிலைமை மோசமாகிக்கொண்டே போவது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். குறை தீர்ந்ததற்கான திருப்திச் சான்று. அதில் நான் கையெழுத்துப் போட்டால் படத்துக்கு அன்றைக்கே சான்றிதழ். போடாவிட்டால் கோப்பு திறந்தே இருக்கும், படம் அடுத்த வருஷப் பட்டியலுக்குப் போகும்.

“போட மாட்டேன்” என்றேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. தலைவர் டீ கொண்டுவரச் சொன்னார். வற்புறுத்தியது முடிக்காரம்மாதான், அதுவும் வெளியே கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி.

“போட்டுடுங்க சார்.”

“என்னம்மா சொல்றீங்க? உங்க சீன்!”

“அடுத்த வருஷம்னா எங்க ஆபீஸே இருக்காது. பதினொரு பேர்ல ஆறு பேர் இப்பவே வேற வேலை தேடிட்டு இருக்காங்க. எங்க டைரக்டர் முதுகு வலியோட படுத்துக் கெடக்கறாரு. அந்தக் குட்டியோட முகம் இருக்கில்ல, நீங்ககூட நிறைன்னு எழுதியிருந்தீங்களே, அதைச் செஞ்சவளுக்கு இதுதான் முதல் படம். அவளாவது தன் வேலையைத் திரையில பார்க்கட்டும்.”

“அப்ப உங்க ரெண்டரை வருஷம்?”

“நீங்க பார்த்துட்டீங்க. உங்க பொண்ணு பார்த்துட்டா.” அவர் சிரிக்க முயற்சி செய்தார், அது சரியாக வரவில்லை. “வேற யாருக்கும் காட்டக் குடுத்து வைக்கல போலிருக்கு. போடுங்க சார்.”

உள்ளே போய்த் தாளை இழுத்துக்கொண்டேன். கையெழுத்துக்கு மேலே மூன்று கட்டங்கள். ‘திருப்தி’, ‘மிகுந்த திருப்தி’, ‘சொல்ல வார்த்தையில்லை’. ஏதாவது ஒன்றில் குறியிட்டே ஆக வேண்டும். மூன்றாவதில் குறியிட்டேன். தலைவர் அதை வாங்கிச் சத்தமாக வாசித்துக் காட்டினார். இந்த வருஷத்தில் முதல் முறையாம். போஸ்டரில் பெரிதாகப் போடச் சொன்னார்.

போட்டும்விட்டார்கள். மறுவாரம் தெருவெல்லாம் அந்தக் கரடி, அதன் கீழே ‘குறையற்ற படம்’ என்ற முத்திரை, அதற்கும் கீழே, “சொல்ல வார்த்தையில்லை – பொதுமக்கள்.” என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“அப்பா, படம் வந்துடுச்சு! சனிக்கிழமை போலாமா? மழை வர்றப்போ நான் உன் பக்கத்துலதான் உட்காருவேன்.”

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தியேட்டருக்குக் கூட்டிப்போய், மழை வரும் வரும் என்று அவள் கடைசிவரை காத்திருக்க, ஆந்தை வந்து பாடம் நடத்தி முடிக்கிறவரை நான் பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அதைவிட இப்போதே சொல்லிவிடலாம்.

“அந்த மழை சீன் இப்ப படத்துல இல்லம்மா. எடுத்துட்டாங்க.”

“யாரு?”

“ஆபீஸ்ல இருக்கிறவங்க. ஆனா எடுக்க வச்சது நான்தான். ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன்.”

“உனக்கு அது பிடிக்கலையா?”

“ரொம்பப் பிடிச்சுது. பிடிச்சதாலதான் எழுதினேன்.”

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகள் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள். கோபம் இல்லை அவள் முகத்தில், அது இருந்திருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் புரியாமல்தான் கேட்டாள்.

“பிடிச்சதை எதுக்குப்பா அவங்ககிட்ட போய்ச் சொன்ன?”